நாலு வாரம், கீழ்த்தளம்

மூன்றாவது மூட்டையைத் தூக்கி இயந்திரத்தின் வாய்க்குள் திணித்த பிறகுதான், இந்தப் பிரிவில் நோயாளி என்று ஒருவர்கூட இல்லையே என்பது அவளுக்கு உறைத்தது.

மருத்துவக் கல்லூரியில் நாலாம் வருஷம். நாடு விட்டு நாடு மாணவர்களை மாற்றிக்கொள்ளும் திட்டத்தில் நாலு வாரப் பயிற்சிக்கு வந்திருக்கிறாள். இரண்டு விமானம் மாறி, ஒன்றரை நாள் தூங்காமல், நேராக மருத்துவமனை வாசலில் வந்து இறங்கினாள். கடிதத்தில் 'காலை ஏழு மணி, கிழக்கு வாசல்' என்று மட்டும் இருந்தது. அந்தத் தூக்கக் கலக்கத்தில் கிழக்கு எது, மேற்கு எது? திறந்திருந்த கதவுக்குள் நுழைந்தாள். கடிதத்தோடு வந்த வருகை அட்டையைச் சுவரிலிருந்த பெட்டியில் காட்டினாள். பச்சை விளக்கு எரிந்தது. விளக்கே ஒத்துக்கொண்டபின் சந்தேகம் எதற்கு?

படி கீழே இறங்கியது. கீழே ஒரே ஆவி. நடப்பதா மிதப்பதா என்று தெரியவில்லை. ஆவியைப் பிளந்துகொண்டு தாட்டியான ஓர் அம்மாள் வந்தாள்.

"புதுசா? நேரத்துக்கு வந்துட்டியே. கையைக் காட்டு."

கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நல்ல கை" என்று சொல்லிப் பச்சை உடுப்பை நீட்டினாள். எல்லோரும் அவளை மேஸ்திரியம்மா என்றார்கள்.

சலவைக் கூடம் என்று தெரிந்ததும் ஓடியிருக்கலாம். ஓடவில்லை. அவளுடைய கல்லூரியில் எந்தப் பிரிவுக்குப் போனாலும் முதல் வாரம் எடுபிடி வாரம். ரத்த மாதிரியைப் பரிசோதனைக் கூடத்துக்கு எடுத்துக்கொண்டு ஓடவேண்டும், தள்ளுவண்டி தள்ளவேண்டும், பெரிய டாக்டரின் கண்ணாடியைத் தேடித் தரவேண்டும். முகம் சுளித்தவனுக்குக் கடைசியில் கையெழுத்து கிடைக்காது. வெளிநாட்டில் எடுபிடியும் கொஞ்சம் பெரிய அளவில் இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டாள்.

கையெழுத்துத்தான் உயிர். நாலு வாரம் முடிந்ததும் பயிற்சி நோட்டில் பிரிவுத் தலைவர் கையெழுத்துப் போடவேண்டும். இல்லாவிட்டால் இறுதிப் பரீட்சைக்கு உட்கார முடியாது. ஒரு வருஷம் அம்போ.

ஆகவே நன்றாக வேலை செய்து சீக்கிரம் மேலே வார்டுக்குப் போய்விடுவது என்று தீர்மானித்தாள். அவள் அப்பா மூட்டை தூக்குகிறவர். முழங்காலை மடக்கு, முதுகை மடக்காதே என்று அவர் சொல்லிக்கொடுத்ததெல்லாம் ஈர விரிப்பு மூட்டைகளுக்கு அப்படியே பொருந்தியது. மற்றவர்கள் இருவராகத் தூக்குவதை இவள் ஒருத்தியாகத் தூக்கினாள். இரண்டாம் நாளே மேஸ்திரியம்மா இவளைப் பெரிய இயந்திரத்துக்கு மாற்றினாள். மேலே போவதற்குப் பதிலாக இன்னும் உள்ளே போய்விட்டாள்.

உடம்பின் கடிகாரம் ஊரிலேயே நின்றுவிட்டதால் பகலெல்லாம் அரைத் தூக்கம். வெள்ளை விரிப்புகள் உருளையிலிருந்து மேகம் மேகமாக வந்து மடியில் விழுந்தன. அவள் வார்டில் நிற்பதாகவும், மேகத்துக்கு நாடி பார்ப்பதாகவும் தோன்றும். விழித்துப் பார்த்தால் தலையணை உறையின் மூலையைப் பிடித்துக்கொண்டிருப்பாள்.

வாரக் கடைசியில் அப்பா போனில் கூப்பிட்டார்.

"என்னம்மா, ஆபரேஷன் எல்லாம் பாத்தியா?"

"கை முழுக்க ரத்தக் கறைப்பா" என்றாள். பொய்யில்லை.

"மயக்கம் வரலியே?"

"இல்லப்பா. சோப்புத் தூள்தான் ஒத்துக்கல."

டாக்டரைக்கூடச் சோப்புத் தூளில் கை கழுவச் சொல்கிற சுத்தமான ஊர் என்று அப்பா மெச்சிக்கொண்டார்.

எடுபிடி வாரம் இரண்டாவது வாரமாக நீண்டது. தான் வைத்தியம் படிக்கிறவள் என்பதை வாயால் சொன்னால் எடுபடாது, வேலையில் காட்டவேண்டும் என்று முடிவு செய்தாள். வார்டுவாரியாக வரும் விரிப்புகளின் கறையைப் படிக்க ஆரம்பித்தாள். நாலாம் வார்டு மூட்டையில் ஒரு விரிப்பில் மலக்கறை தார்போலக் கறுத்திருந்தது. வயிற்றுக்குள் ரத்தக் கசிவு என்று அடித்துச் சொன்னாள். மேஸ்திரியம்மா வாங்கி மோந்து பார்த்துவிட்டு, "இரும்புச் சத்து மாத்திரை. ரத்தம்னா வாடையே வேற" என்று தூக்கிப் போட்டாள். அதற்கு அடுத்த விரிப்பை எடுத்து நீட்டினாள். "இது ரத்தம்."

இவளும் மோந்து பார்த்தாள். ஆமாம். துணி அலசியே இவ்வளவு கற்றிருக்கிறாளே என்று மனசுக்குள் கும்பிட்டாள். ஒரு சீட்டில் எழுதி வண்டியோடு நாலாம் வார்டுக்கு அனுப்பினாள். படுக்கையில் ஒருவர் பேச்சுமூச்சில்லாமல் வெளுத்துக் கிடந்தாராம். அன்றே குழாய் விட்டுப் பார்த்துக் கசிவை அடைத்தார்கள். ஆள் பிழைத்துக்கொண்டார். வார்டிலிருந்து நன்றிக் கடிதம் வந்தது. சலவைக் கூடத்துக்கு.

"உன்னை விடவே மாட்டேன்" என்றாள் மேஸ்திரியம்மா. கண் கலங்கியிருந்தது.

இவளுக்குப் பகீரென்றது. மூன்றாம் வாரம் பொறுக்கமாட்டாமல் பயிற்சி நோட்டை நீட்டினாள். இதில் பெரியவர்கள் கையெழுத்து வேண்டும், மேலே அனுப்புங்கள் என்றாள். அவளுக்கு இந்த ஊர் பாஷை கேட்டால் புரியும். பேசினால் பாதிதான் வெளியே வரும். கையெழுத்து என்ற பாதி வந்தது, மேலே என்ற பாதி வரவில்லை. மேஸ்திரியம்மா சந்தோஷமாக நோட்டைப் பிடுங்கி, தலைவர் என்று போட்டிருந்த இடத்தில் கையெழுத்திட்டு, 'சலவைப் பிரிவு' என்ற முத்திரையை ஓங்கிக் குத்தினாள். கையெழுத்துக்கு நோட்டில் அந்த ஒரே பக்கம்தான் இருந்தது.

சாப்பாட்டு நேரத்தில் உடுப்பைக்கூட மாற்றாமல் பயிற்சி அலுவலகத்துக்கு ஓடினாள். குமாஸ்தா மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பட்டியலைப் பார்த்தார்.

"ஒரு நாள்கூடத் தப்பாம வந்திருக்கீங்க. இந்த வருஷம் வந்தவங்கள்லயே உங்க வருகைதான் முதல்."

"நான் இன்னும் வார்டையே பாக்கலீங்க."

"வார்டுலேருந்து நன்றிக் கடிதம் வந்திருக்கே. அதோட நகல் இங்க இருக்கு." நோட்டை வாங்கி முத்திரையைப் பார்த்தார். "பிரிவுத் தலைவர் கையெழுத்து, முத்திரை, எல்லாம் சரி. உங்க பிரிவுல இன்னும் நாலு வாரம் நீட்டிக் கேட்டாங்க. இன்னிக்குக் காலைலதான் உங்க கல்லூரிக்கு எழுதினோம், அவங்களும் உடனே பெருமையா ஒத்துக்கிட்டாங்க."

படியிறங்கி வந்தாள். இஸ்திரி உருளையை நிறுத்தியிருந்தார்கள். அந்த இரைச்சல் இல்லாமல் அவள் இந்தக் கூடத்தைப் பார்த்ததே இல்லை. தண்ணீர் எங்கோ சொட்டியது. ஆவி மெல்ல இறங்கி விரிப்புகளின்மேல் படுத்துக்கொண்டது. சூடான துணிக் குவியலில் அப்படியே உட்கார்ந்தாள். அழுகை வந்தது, கூடவே தூக்கமும்.

மடிக்கும் மேஜையில் வேலை பார்க்கும் ஆள் பக்கத்தில் வந்து நின்றார். இந்த மூன்று வாரத்தில் இரைச்சலுக்கு மேலே அவரோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. என்ன ஆச்சு என்று கேட்டார். பாதி பாஷையிலும் பாதிக் கண்ணீரிலும் எல்லாவற்றையும் கொட்டினாள். கிழக்கு வாசல், நோட்டு, பரீட்சை, நாலு வாரம், இன்னும் நாலு வாரம்.

"மேலே எப்பத்தான் கூப்பிடுவாங்க?" என்றாள்.

அவர் ஒரு விரிப்பை எடுத்து, ஓரத்தோடு ஓரம் வைத்து, அவசரமே இல்லாமல் மடித்தார்.

"நானும் நாலு வாரப் பயிற்சிக்குத்தான் வந்தேம்மா, பதினோரு வருஷம் ஆச்சு, மேஸ்திரியம்மா எனக்கு ரெண்டு பேட்ச் சீனியர்."