மரியமலர் பியேராவுக்குப் படை நடத்திய படலம்

வாழி, மரியமலர்! மன்னார்க் கடலோரத்தில் பிறந்து மத்தியதரைக் கடலோரத்தில் மாடிப்படி துடைக்கும் மாதரசி வாழி! சிசிலித் தீவில், அல்பெர்கேரியாப் பேட்டையின் ஒடுங்கிய சந்தில், நாலாம் மாடியில், இரண்டு அறைச் சிற்றரசைக் கோலோச்சும் கோமகள் வாழி! சின்யோராக்கள் என்னும் எசமானிகளின் வெள்ளித் தட்டுகளை முகம் தெரியத் துலக்கிய செங்கரம் வாழி! காப்புச் செய்யுளுக்கு ஒரு புனிதரை அழைக்கத்தான் நினைத்தேன். இந்த நகரத்துப் புனிதர்கள் எல்லாரும் ஏற்கனவே வேலைப்பளுவில் இருக்கிறார்கள். ஆகவே காப்பில்லாமலே தொடங்குகிறேன், பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இவள் தொடுத்த போர் மண்ணுக்கன்று, பொன்னுக்கன்று, ஒரேயொரு ஞாயிற்றுக்கிழமைக்கு. இவள் கொழுநன், கரிச்சட்டிகளின் காலன், எண்ணெய்ப்பிசுக்கின் எமன், உணவகத்துப் பின்கட்டில் இரவெல்லாம் பாத்திரம் தேய்க்கும் கிறிகோரி என்னும் பெருவீரன், விடியலில் படியேறி வருகையில் இவள் படியிறங்கிப் போவாள். சூரியனும் சந்திரனும்கூடச் சில காலைகளில் ஒரே வானத்தில் நிற்பதைக் கண்டிருக்கிறோம். இவ்விருவரும் ஒருசேர நின்றதை அந்தச் சந்தில் ஒருவரும் கண்டதில்லை. குடும்பப் படம் கீறி வரும்படி பள்ளிக்கூடத்தில் சொன்னபோது, இளையவள் சுஜானி தாயைக் கீறினாள், தமையன் ஜெனோஜனைக் கீறினாள், தகப்பனைக் கட்டிலில் போர்வைக்குள் கீறினாள். கால் மட்டும் வெளியே தெரிந்தது. அதைப் பார்த்த அன்றே மலர் போருக்குத் துணிந்தாள்.

அந்நிலையில்தான் உணவகத்துக்கு வெள்ளையடிக்கும் நற்காலம் வாய்த்தது. அந்த ஞாயிறு கிறிகோரிக்கு ஓய்வு. அதே ஞாயிறு, ஆடும் மாடும் பாற்கட்டியும் ராட்டினமும் வீட்டுச் சாமானும் ஒருங்கே கூடும் ஆண்டுப் பெருஞ்சந்தையாகிய பியேராவுக்குக் கடைசி நாள். உடனே மலர் சாப்பாட்டு மேசையில் மந்திராலோசனை கூட்டினாள். ஜெனோஜன் மோதுகார் ஓட்டவேண்டுமென்றான், சுஜானி முயல் பார்க்கவேண்டுமென்றாள், கிறிகோரி கொட்டாவி விட்டான். மூன்றையும் செவிமடுத்து அவள் பிறப்பித்த பிரகடனம் இது:

"நாங்கள் நாலு பேர் மட்டும் போறம். ஒருத்தருக்கும் மூச்சு விடக்கூடாது."

மூச்சு விட்டால் என்னவென்று கேட்பீர்கள். அந்தச் சந்தில் குடியிருக்கும் நம்மவர் நடுவே, பக்கத்து வீட்டுக்குச் சொல்லாமல் பயணம் போவது பெருங்குற்றம். வருடக்கணக்கில் முகம் தரமாட்டார்கள். சொன்னாலோ, அவர்களையும் கூப்பிடாமல் விடுவது அதனினும் பெருங்குற்றம். ஆகவே நால்வரும் மௌனவிரதம் பூண்டார்கள். மலர் தன் அக்காளுக்குப் போன் எடுப்பதைக்கூட அந்த வாரம் நிறுத்திவிட்டாள்.

இத்தனை அரண்களையும் ஒரு கட்லட் உடைத்தது. பியேராவில் சாப்பாட்டுக் கடைக்குக் குறைவில்லைதான். இருந்தாலும் கட்டிக்கொண்டு போகாமல் பிள்ளைகளை வெளியே கூட்டிப்போன தாய் மன்னாரில் உண்டா, சொல்லுங்கள்! சனிக்கிழமை மாலை, பல்லரோச் சந்தையில் வாங்கிய மீனை அவித்து, முள் களைந்து, உருளைக்கிழங்கும் மிளகும் வெங்காயமும் சேர்த்துப் பிசைந்து, உருட்டி, பாண்தூளில் புரட்டி, கொதியெண்ணெய்ப் பெருங்கடலில் இறக்கினாள் எங்கள் தலைவி. எழுந்தது மணம்! யானைப்படையென யன்னல் தாண்டி, குதிரைப்படையெனக் கொடிக்கயிறு தாண்டி, எதிர்மாடத்துச் செபமாலை என்பவரின் மூக்கை அது முற்றுகையிட்டது. பல்லரோவில் மீன்பெட்டி சுமக்கும் செபமாலை, எந்த மீன் எந்தச் சட்டியில் கிடக்கிறதென்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவர். சும்மா ஒரு சனிக்கிழமையில் எவளும் கட்லட் பொரிக்கமாட்டாள் என்பதும் அவருக்குத் தெரியும். வெளியே வந்து மாடத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன பிள்ளை, பயணமோ?"

இல்லையென்று சொல்லத்தான் மலர் வாயெடுத்தாள். ஆனால் அன்றுதான் கோவிலில் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வந்தவள். கழுவின ஆன்மாவில் அதற்குள் கறை பிடிக்கவிட மனம் வரவில்லை.

"ஓம் அண்ணை, பியேராவுக்கு. நீங்களும் வாங்கோவன்."

அந்தோ! அந்த "வாங்கோவன்" வாய் உபசாரம் என்பதை ஈழத்தில் பால்குடிக் குழந்தையும் அறியும். கூப்பிடுகிறவர் கூப்பிடவேண்டும், கூப்பிடப்பட்டவர் "இல்லைப் பிள்ளை, நீங்கள் போட்டு வாங்கோ" என்று மறுக்கவேண்டும். இதுவே நம் முன்னோர் வகுத்த போர் தர்மம். செபமாலை அத்தர்மத்தைக் காலால் இடறினார்.

"சரி பிள்ளை, வாறம்."

வாறம் என்றவர் வீட்டுக்குள் இருக்கவுமில்லை. மலர் கூப்பிடுகிறாள் என்று சந்தெல்லாம் பறையறைந்தார். கீழ்வீட்டுத் தயானி கைக்குழந்தை வண்டியோடு வருவதாகச் சொல்லியனுப்பினாள். நகரத்தின் சீசாப் பகுதியிலிருந்து கோபாலசிங்கம் குடும்பம் புறப்பட்டது, அவர்களோடு ஒரு மச்சான் குடும்பமும் புறப்பட்டது. யாரோ ஒருவர் மேளம் கொண்டு வரட்டோ என்றும் கேட்டாராம். சுஜானி அடுப்படி வாசலில் வந்து நின்றாள்.

"மம்மா, நாங்கள் குவாத்ரோ பேர் எண்டுதானே சொன்னனீங்கள். நாலே நாலு பேர்."

மலருக்கு அழுகை வந்தது. அழவும் நேரமில்லை, செய்த கட்லட் இத்தனை பேருக்குக் காணாதே என்று இன்னொரு சட்டி உருளைக்கிழங்கை அடுப்பில் வைத்தாள். கிறிகோரி பக்கத்தில் வந்து நின்று வெங்காயம் உரித்துக் கொடுத்தான்.

"விடும் மலர், இன்னொரு ஞாயிறு பாப்பம்."

"எந்த ஞாயிறு?" என்று கேட்டாள். அவன் அடுத்த வெங்காயத்தை எடுத்தான்.

ஞாயிறும் உதித்தது. பஸ்தரிப்பில் திரண்டது பெரும்படை! குடைகள் வேல்களாக, தண்ணீர்ப் போத்தல்கள் தண்டாயுதங்களாக, தயானியின் தள்ளுவண்டியே தேராக, கட்லட் கூடையைக் கருவூலமெனக் கட்டியணைத்த செபமாலையே முன்னணித் தளபதியாக, குழந்தைகள் வீறிட, பெண்கள் பிள்ளைகளை எண்ண, ஆண்கள் எண்ணியதைத் திருத்த, அங்கே நின்ற ஒன்றிரண்டு சிசிலிக் கிழவர்கள் இது எந்தப் புனிதரின் ஊர்வலமென்று வியந்து சிலுவை போட்டுக்கொள்ள, பஸ் வந்து நின்றது. ஏற்கனவே பாதி நிரம்பியிருந்தது.

இப்போது கேளுங்கள். கூப்பிட்டவர் முதலில் ஏறலாமா? ஏறினால் ஊர் என்ன சொல்லும்! நடுக்கதவில் மலரும் பின்கதவில் கிறிகோரியும் வாயிற்காவலராய் நின்று, "ஏறுங்கோ, நீங்கள் ஏறுங்கோ" என்று உபசரித்து, தேரைத் தூக்கிக் கொடுத்து, கோபாலசிங்கத்தின் மாமியாரை முதுகில் கைவைத்துத் தள்ளி, மச்சானையும் மச்சான் மக்களையும் உள்ளே திணித்தார்கள். தம் பிள்ளைகளையோ, விருந்தாளிகள் ஏறட்டுமென்று ஓரமாய் நிறுத்தி வைத்திருந்தார்கள். கடைசி விருந்தாளியின் கடைசிப் பையும் உள்ளே போனதும், சாரதி கண்ணாடியில் பார்த்து, இடமில்லையென்று தலையசைத்தார். கதவுகள் மூடின. கண்ணாடிக்குப் பின்னால் செபமாலை கூடையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து ஏதோ கத்தினார், ஒன்றும் கேட்கவில்லை. பஸ் போய்விட்டது.

அதன்பின் பாருங்கள் அந்த அமைதியை! தரிப்பு வாங்கிலில் நாலு பேர். நாலே நாலு பேர். சுஜானி தகப்பனுக்கும் தாய்க்கும் நடுவில் புகுந்து உட்கார்ந்துகொண்டாள். ஜெனோஜன், தன் அணி போட்ட கோல் ஒன்றை எழுந்து நின்று காலால் காட்டிக் காட்டிச் சொல்ல, கிறிகோரி கண் விழித்து முழுவதும் கேட்டான். அவன் தாடியில் நரை விழுந்திருப்பதை மலர் அன்றுதான் வெயிலில் கண்டாள். வடிவாய்த்தான் இருந்தது.

"அதுகள் எங்களைத் தேடப்போகுதுகள்," என்றான் கிறிகோரி.

"தேடட்டும்," என்றாள்.

முழங்குக முரசங்கள்! ஊதுக வெண்சங்கங்கள்! பகைவரை வாளால் அன்றி உபசாரத்தால் ஓட்டிய ஒப்பற்ற வெற்றிச்செல்வி, உற்றார் ஒருவர் மனமும் நோகாமல் ஊர் முழுவதையும் ஒரே வண்டியில் அனுப்பிவைத்த உத்தமத் தலைவி, தன் குலமனைத்தையும் கைக்கெட்டும் தூரத்தில் இருத்திக்கொண்ட கொற்றவை, அரியணை நிகர்த்த அவ்விரும்பு வாங்கிலில் கால் நீட்டிச் சாய்ந்து, விழி உயர்த்தி நோக்கினாள். அடுத்த பஸ் வரச் சுணங்கும் என்று தரிப்புப் பலகையில் போட்டிருந்தது.