எனக்குச் செவி கேட்காமல் போன நாள்

கூச்ச சுபாவம் உள்ளவர்கள் நல்லவர்கள் என்று பொதுவாக ஓர் எண்ணம் இருக்கிறது. சத்தம் போட மாட்டார்கள், வம்புக்குப் போக மாட்டார்கள், கல்யாணப் பந்தியில் இரண்டாவது தடவை பாயசம் கேட்க மாட்டார்கள். எல்லாம் சரிதான். ஆனால் நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன் என்பதால் உள்ளேயிருந்து ஓர் உண்மையைச் சொல்கிறேன். கூச்சப்படுகிறவனைப் போல் பொய் சொல்ல யாராலும் முடியாது. மற்றவர்கள் ஏதாவது லாபத்துக்குப் பொய் சொல்வார்கள். நாங்கள், எதிரே நிற்கிற ஆள் சீக்கிரம் போய்விட வேண்டும் என்பதற்காகவே சொல்வோம்.

என் மகள் ஷைனிக்கு அப்போது ஏழு வயது. பிறக்கும்போது மூச்சு எடுக்கத் தாமதமானதில் கைகால் விறைப்பு வந்துவிட்டது. தனியாக உட்கார வைத்தால் ஒரு பக்கமாகச் சரிந்துவிடுவாள். பேச்சும் இழுத்து இழுத்துத்தான் வரும். ஒரு வாக்கியம் முடிய அரை நிமிஷம் ஆகும். ஆனால் அந்த வாக்கியத்தில் ஒரு வார்த்தை வீணாக இருக்காது.

குலசேகரத்துக்கு மேலே ரப்பர் தோட்டத்துப் பக்கம் எங்கள் வீடு. நான் ரப்பர் ஷீட் வாங்கும் கடையில் எடை போடுகிறவன். ஞாயிற்றுக்கிழமை சபைக்கு நான் மட்டும்தான் போவேன், என் மனைவி லில்லி ஷைனியுடன் இருக்க வேண்டுமே. ஒரு நாள் ஆராதனை முடிந்து யாரோ, "பிள்ளைய கொண்டு வரலியா?" என்று கேட்டார்கள். "மாமியார் வீட்ல நிண்ணு படிக்கா" என்று சொல்லிவிட்டேன். எங்கள் ஊரில் ஒரு வீட்டில் தங்கிப் படிப்பதை நின்று படிப்பது என்றுதான் சொல்வோம். அதற்குப் பிறகு அந்தப் பொய்யைத் திரும்ப எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. இரண்டு நிமிஷம் நிற்க முடியாத பிள்ளையை நான் மூன்று வருஷம் மாமியார் வீட்டில் நிற்க வைத்திருந்தேன்.

வாரத்துக்கு ஒரு நாள் வீட்டுக்கே வந்து ஷைனிக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும் ஒரு டீச்சர் இருந்தார். அவர்தான் முகாம் விஷயத்தைச் சொன்னார். தக்கலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் நடக்கிறது, முதுகை நேராகப் பிடித்துக்கொள்ளும் நாற்காலிக்கு அளவெடுக்க ஆட்கள் வருகிறார்கள், முன்னால் எழுதப் பலகை வைத்த நாற்காலி, காசு கிடையாது. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியையும் சொல்லியிருந்தார்: "பிள்ள நேரே இருந்தா போதும், ஜூன் மாசம் நான் சேத்துக்கிடுதேன்." அதாவது, அன்றைக்கு அளவெடுத்தால் ஜூனில் பள்ளிக்கூடம். விஷயம் அவ்வளவுதான். அந்த அவ்வளவையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு லில்லி என் கையில் கொடுத்தாள். டாக்டர் சர்டிபிகேட், போட்டோ, ரேஷன் கார்டு, எல்லாம் அதில்.

முகாமுக்குப் போனோம். நுழைவாயிலில் 'மாற்றுத்திறனாளிகள்' என்று பெரிய பேனர். அப்போது அது புதுச் சொல். அதை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தபோதே எனக்கு வியர்த்துவிட்டது. தெரிந்தவர்கள் யாராவது பார்த்தால் என்ன சொல்வது? லில்லி போய் நம்பர் வாங்கினாள். நாற்பத்தொன்று. அவளையும் ஷைனியையும் வராந்தாவில் ஒரு பெஞ்சில் இருத்திவிட்டு, ரேஷன் கார்டுக்கு இன்னொரு நகல் வேண்டும் என்றதால் பையை எடுத்துக்கொண்டு வெளியே ஜெராக்ஸ் கடைக்குப் போனேன்.

திரும்பி வரும்போது கேட்டில் எதிரே நின்றார், எங்கள் சபைச் செயலாளர் டென்னிசன் அண்ணன். சட்டையில் தொண்டர் பேட்ஜ். அவர் சாதாரணமாகப் பேசினாலே பக்கத்துச் சபையில் 'ஆமென்' சொல்வார்கள்.

"ஞானதாசா? நீரு எங்க இஞ்ச?"

"சும்மா, அண்ணே."

"சும்மாவா? முகாமுக்கா வந்தீரு?"

"ஆமா."

"யாருக்கு வேண்டி?"

இவ்வளவுதான் கேள்வி. பதில் முப்பது அடி தூரத்தில் அம்மா மடியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. கையை நீட்டிக் காட்டினால் போதும், பேசக்கூட வேண்டாம். நான் பதிலைத் தேடி அவருடைய தலைக்குப் பின்னால் பார்த்தேன். 'செவித்திறன் பரிசோதனை - அறை 4' என்று ஒரு பலகை தொங்கியது.

"எனக்குத்தான் அண்ணே. செவி."

டென்னிசன் அண்ணனின் முகம் மலர்ந்த மலர்ச்சியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"செவியா! அப்படிச் சொல்லும்! மூணு ஞாயிறாட்டு நான் மைக்கில நிண்ணு விளிக்கேன், முகாமுக்குப் பேரு குடுக்க வேண்டியவிய என்கிட்ட வாங்கன்னு. நீரு திரும்பிக்கூடப் பாக்காம செருப்ப மாட்டிட்டுப் போனீரு. எனக்கு உம்மமேல ஒரு வருத்தம் உண்டும். இப்பல்லா வெளங்குது. உமக்குக் கேக்கவே இல்ல!"

கடைசி வாக்கியத்தை என் காதருகே குனிந்து கத்தினார். அந்த நிமிஷத்திலிருந்து அவர் என்னிடம் கத்தித்தான் பேசினார். என் தோளில் கைபோட்டு, வரிசையில் நின்றவர்களை ஒதுக்கி (நிஜமாகவே காது கேட்காத பாவப்பட்டவர்கள்), என்னை நேரே நாலாம் அறைக்குள் கொண்டுபோய் நாற்காலியில் இருத்தினார். மஞ்சள் பை என் மடியில்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். சென்னைக்காரர் என்பது முதல் வார்த்தையிலேயே தெரிந்தது.

"எத்தனை நாளா கேக்கல?"

நான் கேட்காதவன் என்பதால் பேசாமல் இருந்தேன். டென்னிசன் அண்ணன் என் காதில் கத்தினார்: "எத்தன நாளாட்டு கேக்கல்லன்னு கேக்காவ!"

"மூணு ஞாயிறாட்டு" என்றேன்.

டாக்டர் எழுதினார். "எந்த மாதிரிப் பேசினா கேக்கறதில்ல?"

அண்ணன் அதையும் கத்தினார்.

"பைய சொன்னா கேக்காது" என்றேன்.

டாக்டர் பேனாவை நிறுத்தினார். "பையன் சொன்னா கேக்காதா? ஏன், பையனோட ஏதாவது சண்டையா?"

"பையன் இல்ல டாக்டர். பைய. மெதுவா" என்று அண்ணன் விளக்கினார். "இவருக்குப் பையன் கெடையாது. ஒரு பெண்பிள்ளதான்."

சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

பரிசோதனை தொடங்கியது. டாக்டர் எனக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு சின்ன மணி ஒன்றை அடிப்பார். சத்தம் கேட்டால் நான் கையைத் தூக்க வேண்டும். அதைவிட எளிய வேலை எனக்கு வாழ்க்கையில் கிடைத்ததில்லை. சும்மா இருந்தால் போதும். மணி அடித்தது. சும்மா இருந்தேன். இன்னும் கொஞ்சம் பலமாக அடித்தது. இருந்தேன். டென்னிசன் அண்ணன் 'ச்சு' கொட்டினார்.

அப்போதுதான் வெளியே மைக் பேசியது.

"நாப்பத்தொண்ணு. ஷைனி."

என் முதுகுத்தண்டு நேராகிவிட்டது. பை என் மடியில் இருக்கிறது. பை இல்லாமல் லில்லி என்ன செய்வாள்? எழுந்து ஓட வேண்டும். ஆனால் மணிச் சத்தமே கேட்காதவன் வராந்தா மைக்கைக் கேட்டு எப்படி எழுந்து ஓடுவான்? அண்ணன் எதிரே நின்று என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாப்பத்தொண்ணு, ஷைனி, வந்திருக்கியளா?"

டாக்டருக்குக் கோபம். "இந்த மைக்கை வச்சுக்கிட்டு எப்படி டெஸ்ட் பண்றது?"

"நிறுத்தச் சொல்லட்டா டாக்டர்?"

"விடுங்க. இவருக்குத்தான் அதுவும் கேக்காதே."

"நாப்பத்தொண்ணு. கடைசித் தடவ விளிக்கோம்."

மூன்று முறை. என் பிள்ளையின் பெயரை மூன்று முறை கூப்பிட்டார்கள். எனக்குத் தெளிவாகக் கேட்டது. நான் கையைத் தூக்கவில்லை. பிறகு நாற்பத்திரண்டைக் கூப்பிட்டார்கள். இதைச் சிரிப்பாக எழுத வேண்டும் என்று பல தடவை முயன்றுவிட்டேன். வரவில்லை.

டாக்டர் மணியை மறுபடி எடுத்தார். அப்போது வராந்தாவில் வேகமாக ஒரு ரப்பர் செருப்புச் சத்தம். கூடவே ஒரு குரல்.

"ப்பா..."

என் கை தானாக மேலே போய்விட்டது. நான் தூக்கவில்லை, அதுவாகவே போனது.

"கேக்குதே!" என்றார் டாக்டர். மணி இன்னும் அடிக்கவில்லை.

வாசலில் லில்லி. இடுப்பில் ஷைனி. லில்லியின் ஜாக்கெட் வியர்வையில் நனைந்திருந்தது. ஏழு வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் முழுக்கச் சுற்றியிருக்கிறாள்.

"கேட்டியளா, எங்க போய் கெடந்திய? நம்பர விளிச்சாச்சு. பையில உள்ள கடலாசு இல்லாம அளவெடுக்க மாட்டாவளாம். இஞ்ச இருந்து என்ன செய்யுதிய?"

"மெதுவா பேசினா இவருக்குக் கேக்காதும்மா" என்றார் டாக்டர், மரியாதையாக. "காது டெஸ்ட் நடக்குது."

"யாருக்குக் காது?"

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தது ஷைனி. அவள் பேசத் தொடங்கினால் எல்லோரும் காத்திருக்கத்தான் வேண்டும். நாங்கள் நால்வரும் காத்திருந்தோம்.

"அப்பாக்கு... நல்லா... செவி... கேக்குமே."

டாக்டர் என்னைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார், எழுதியதை ஒரு கோடு போட்டு அடித்தார். டென்னிசன் அண்ணன் என் அருகே வந்தார். கத்தப் போகிறார் என்று நினைத்துத் தலையைத் தாழ்த்திக்கொண்டேன். அவருக்குப் பைய பேசத் தெரியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"ஞானதாசு, உம்ம பிள்ளைக்கு வேண்டித்தானவே நான் மூணு ஞாயிறு நிண்ணு விளிச்சேன். சபையில எல்லாருக்கும் தெரியும். கேட்டா நீரு சங்கடப்படுவீருன்னு ஒருத்தரும் கேக்கல்ல."

அளவெடுக்கும் அறைக்கு ஓடினோம். அண்ணன் முன்னால், லில்லி நடுவில், நான் பையோடு கடைசியில். நாற்பத்திரண்டோடு நம்பர் முடிந்துவிட்டது; அவர்கள் அளவு நாடாவைச் சுருட்டிப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார்கள். வேறொரு ஊரில் மதியம் இன்னொரு கூட்டம் காத்திருக்கிறதாம். அண்ணன் கெஞ்சினார், கத்தினார். பெட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்த பையன் பாவமாகத்தான் சொன்னான்: "மூணு தடவ விளிச்சோம் சார். கடலாசோட ஆளு வரல்லன்னு எழுதியாச்சு. இனி அடுத்த முகாமுக்குத்தான்."

அடுத்த முகாம் மழைக்காலம் கழிந்துதான் வந்தது. அதற்குப் பிறகு நாற்காலி வர இன்னும் சில மாதம். அந்த ஜூனில் எங்கள் வீட்டுக்கு முன்னால் புதுப் பையும் புதுக் குடையுமாகப் பிள்ளைகள் போனபோது ஷைனி ஜன்னலுக்கு அருகே பாயில் படுத்திருந்தாள். "எனக்கு... எப்போ?" என்று கேட்டாள். எனக்கு அது நன்றாகவே கேட்டது.

லில்லி என்னைத் திட்டவில்லை. அதைவிடப் பெரிய காரியம் செய்தாள். அதன் பிறகு ஒரு மாதம், என்னிடம் பேச வேண்டியதையெல்லாம் காது கேட்காதவனிடம் பேசுவதுபோல உரக்கக் கத்திப் பேசினாள். "சோறு வச்சிருக்கு!" என்றால் தோட்டத்தில் ரப்பர் பால் எடுக்கிறவர்கள் எழுந்து நிற்பார்கள். அக்கம்பக்கத்தில் விசாரிக்க வந்துவிட்டார்கள். ஒரு அம்மா பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெய் கொண்டுவந்து தந்தார். உண்மையைச் சொல்லக் கூச்சமாக இருந்ததால், தலையைச் சாய்த்து இரண்டு காதிலும் விட்டுக்கொண்டேன். (அந்த எண்ணெயால் மூன்று நாள் நிஜமாகவே சரியாகக் கேட்கவில்லை.)

டென்னிசன் அண்ணன் அடுத்த ஞாயிறு காலை ஜீப்போடு வீட்டு முன் வந்து நின்றார். ஒன்றும் கேட்கவில்லை. "பிள்ளைய எடுத்துட்டு வாரும்" என்றார், அவ்வளவுதான். சபைக்குள் ஷைனியைத் தோளில் போட்டுக்கொண்டு நுழைந்தபோது எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். ஒருவரும் பார்க்கவில்லை. மாமியார் வீட்டிலிருந்து எப்போது வந்தாள் என்று கேட்கக்கூட அங்கே ஒரு ஆள் இல்லை. அவர்களுக்கு என்னைவிடக் கூச்சம்.

ஷைனி ஒரு வருஷம் தாமதமாகப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தாள். அந்த ஒரு வருஷத்தை அவளுக்கு யாரும் திருப்பித் தரவில்லை. வகுப்பில் எப்போதும் மற்றவர்களைவிட மூத்தவள். ஏன் என்று யாராவது கேட்டால் காரணத்தை அவளே சொல்லுவாள், முழுக்கதையும், மணி அடித்ததிலிருந்து. அரைமணி நேரம் ஆகும். நடுவில் எழுந்து போக எனக்கு அனுமதி கிடையாது.

இப்போது பிளஸ் டூ படிக்கிறாள். வீட்டுக்குப் புது ஆள் யாராவது வந்தால் நான் வாய் திறக்கும் முன்பே அவள் தொடங்கிவிடுவாள்: "இது... எங்க அப்பா. செவி... கொஞ்சம் கொறவு. சத்தமா... பேசணும்." வந்தவர்கள் பரிதாபமாகத் தலையாட்டிவிட்டு என் பக்கம் குனிவார்கள். நான் மறுத்துச் சொல்வதில்லை. போன மாதம் தேர்தல் அட்டை சரிபார்க்க வந்த ஒருவரும் அப்படித்தான் குனிந்து, வாயைக் கையால் குவித்துக்கொண்டு கத்தினார்.

"இந்தப் பிள்ள யாரு? உங்க மவளா?"

காது கேட்காதவர்கள் பதிலையும் கத்தித்தானே சொல்வார்கள்.

"ஆமா! எனக்க மவளாக்கும்!"

"பைய சொல்லுங்க, ரோடு வரைக்கும் கேக்கும்" என்றாள் லில்லி அடுக்களையிலிருந்து.

ஷைனி சிரித்துச் சிரித்து ஒரு பக்கமாகச் சரிந்துவிட்டாள். நான் எழுந்துபோய் அவள் தோளைப் பிடித்து நேராக்கினேன். அவள் மூச்சு வாங்கி, வாயைத் திறந்தாள். நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம்.

"கேக்கட்டும்."