கடலரசிக் கழகத்தின் தரமான ஆட்சேர்ப்பு

உதைபந்தாட்ட உலகில் தரமான ஆள் எடுப்பது எப்படி என்று கண்டுபிடித்த பெருமை, கடலரசி விளையாட்டுக் கழகத்தின் செயலாளர் செபநாயகம் ஒருவருக்கே உரியது. ஐரோப்பாக் கழகங்கள் காசைக் கொடுத்து ஆள் எடுக்கின்றன. அதை எவனும் செய்வான். செபநாயகம் மகளைக் கொடுத்தார்.

1993இல் நடந்த கத்தோலிக்கப் பங்குகளுக்கிடையிலான சுற்றுப்போட்டியில் அந்தந்தக் கோவில் பங்கைச் சேர்ந்தவர்களே ஆடலாம் என்று சட்டம். கடலரசியோ முதல் சுற்றோடு வீடு திரும்பும் வழக்கத்தை ஆறு வருடமாகத் தவறாமல் கடைப்பிடித்து வந்தது. ஒரு தடவையாவது கிண்ணத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சாகவேண்டும் என்பது செபநாயகத்தின் ஆசை. சட்டத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தபோது அவருக்கு ஞானம் பிறந்தது. அந்தக் கரையில் கல்யாணம் முடித்த ஆண் பெண்வீட்டோடுதான் வந்து இருப்பான். அப்படியானால் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோவிலில் வாசிக்கும் கல்யாண அறிவித்தலில் முதலாவதை வாசித்த நாளிலிருந்தே மாப்பிள்ளை பெண்ணின் பங்குக்காரன்தானே? போட்டிக் குழு நன்றாக யோசித்து, ஓம் என்றது.

உடனே 'தரமான ஆட்சேர்ப்பு உபகுழு' அமைக்கப்பட்டது. பத்துப் பேர். விளக்குக்கு மண்ணெண்ணெய்த் தட்டுப்பாடு என்பதால் தீர்மானங்கள் யாவும் பொழுதுபடமுன்னரே நிறைவேற்றப்பட்டன. பருத்தித்துறைப் பக்கத்துக் கிறகோரியின் இடதுகால் ஒன்றரை மணித்தியாலம் ஆராயப்பட்டது.

"குணம் எப்பிடி?" என்று தலைவர் யாகப்பு கேட்டார்.

"தலையாலையும் நல்லா அடிப்பான்," என்றார் செபநாயகம்.

"அப்ப குடும்பத்துக்கு ஏற்ற பொடியன்."

கிறகோரி சைக்கிளில் வந்து, செபநாயகத்தின் மகள் சிசிலியாவைப் பார்த்து, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனான். முதலாம் ஞாயிறு காலை அறிவித்தல் வாசித்தார்கள். பின்னேரம் மூன்று கோல் போட்டான். இரண்டாம் ஞாயிறும் வாசித்தார்கள். அரையிறுதியில் வெற்றிக் கோலைப் போட்டவன், முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். இனிப் பந்து பக்கமே போகக்கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். செபநாயகம் உண்மையாகவே அழுதார். இறுதியாட்டம் அடுத்த ஞாயிறு.

உபகுழு அவசரமாகக் கூடியது. 'கிறகோரி அவர்களைக் கௌரவத்துடன் விடுவிப்பது' என்றும், பக்கத்துப் பங்கு லியோனுக்கு ஞாயிறு காலைப் பூசையில் முதலாம் அறிவித்தலை வாசித்து, பின்னேரமே மைதானத்தில் இறக்குவது என்றும் ஏகமனதாகத் தீர்மானித்தது. அறிவித்தலை மாற்றப் பெண்ணின் கையொப்பம் வேண்டுமென்று பங்குக் குருவான சுவாமி சொன்னதால், செபநாயகம் கடதாசியோடு வீட்டுக்கு வந்தார். சிசிலியா குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"பிள்ளை, கிறகோரியை விட்டிட்டம். இப்ப லியோன் எண்டு ஒருத்தன். ரெண்டு காலாலையும் அடிப்பான்."

"நான் ஒப்பம் வைக்கமாட்டன் அப்பா. நான் கிறகோரியைத்தான் முடிப்பன். இஞ்சை அவருக்கு இடமில்லாட்டி, அவரின்ரை ஊரிலை போய் இருப்பன்."

செபநாயகம் ஆடிப்போனார். பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதா? அப்படியொரு இடமாற்றம் எந்தச் சட்டத்திலும் இல்லை.

"முழங்கால் போன மனிசனடி. உவனிட்டை இனி என்ன தரம் கிடக்கு?"

சிசிலியா அரிவாளை விட்டு எழும்பிக் கையைக் கழுவினாள்.

"பாக்க வந்த அண்டைக்கு, 'உமக்கு இதிலை சம்மதமோ' எண்டு அவர் என்னட்டைக் கேட்டவர். உங்கடை கூட்டத்திலை பத்துப் பேர் இருந்தனீங்கள் அப்பா. ஒருத்தரும் கேக்கேல்லை."