பாத்திரக்கடை பாய் வீட்டு விசேஷம்

பரமத்தி வேலூரில் மைக்செட்டாரின் குரல் படாமல் கல்யாணம் செய்தவரும் கிடையாது, காது குத்தியவரும் கிடையாது. அவர் நிஜப்பெயர் எனக்குத் தெரியாது; வீட்டம்மாவுக்குத் தெரிந்திருந்தாலே ஆச்சரியம். டீக்கடையில்கூடக் கிளாஸைத் தட்டி "ஹலோ, ஹலோ" என்று சோதித்த பிறகுதான் டீ கேட்பார். இழவு வீட்டில் ஒருமுறை "இருவீட்டார் சார்பாகவும் வருக வருக" என்று முழங்கிவிட்டு, ஓடத் தெரிந்ததால் தப்பினார்.

போன வருடம், மதத்தைச் சொல்லி ஓட்டுச் சேர்க்கும் கூட்டமொன்று எங்கள் ஊரிலும் தலைதூக்கியது. பாய் கடைகளில் எதுவும் வாங்காதீர்கள் என்று சுவரெல்லாம் நோட்டீஸ் ஒட்டினார்கள். ஊர்ப் பெண்களுக்கெல்லாம் சீர்ப் பாத்திரம் கொடுத்த பாத்திரக்கடை பாய், ஈயோட்டி அலுத்துப்போய், கடையை மூடிவிட்டுச் சேலத்து மகனிடம் போக மூட்டை கட்டினார். ஊர் ஊராக அந்த அரசியலை எதிர்த்துப் பேரணிகள் நடந்துகொண்டிருந்தன. எங்களுக்கும் ரோஷம் வந்தது. பேரணிக்கு நாள் குறித்து, அறிவிக்க வேண்டியதை எழுதிக் கொடுத்து, மைக்செட்டாரை ஆட்டோவில் ஏற்றிவிட்டோம்.

"மதவெறிப் பாசிசத்தை முறியடிப்போம்" என்பது அவர் வாயில் நுழையவில்லை. இரண்டு தெரு தடுமாறிவிட்டு, நாக்கு பழகிய தடத்துக்குத் திரும்பிவிட்டது.

"நம்ம பாத்திரக்கடை பாய் ஊட்டு விசேசமுங்கோ! மாமன் மச்சான் பங்காளிக எல்லாரும் குடும்பத்தோட வந்து, இருந்து சாப்புட்டுத்தான் போகோணுமுங்கோ!"

நாங்கள் எதிர்பார்த்தது ஒரு வேன் ஆள். வந்ததோ காவிரிக்கரை மொத்தமும், பட்டுச்சேலை கட்டிக்கொண்டு. தட்டுத் தட்டாக வெற்றிலை, தோளில் வாழைத்தார். முஷ்டியை உயர்த்தத் தயாராக நின்ற என் தோளிலும் ஒரு தாரை ஏற்றிவிட்டார்கள்.

"ஏனுங்க, பாய் ஊட்டுல என்ன விசேசமுங்க?" என்றார் ஓர் அம்மா.

மைக்செட்டார் மைக்கை ஒரு தட்டுத் தட்டினார். பிறகு அதிலேயே, "விசேசமெல்லாம் இல்லீங்க. நோட்டீசு ஒட்டித் தொரத்துறாங்க. பாய் கடைய மூடிப்போட்டு ஊரை உட்டே போறாருங்க. உடலாமுங்களா?"

"உடப்படாது!"

கோஷம் கிடைத்துவிட்டது. நோட்டீஸ் ஒட்டிய கூட்டத்தின் தலைவர் தெருமுனையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஊர்வலத்தில் வந்த அவருடைய அம்மா, "நின்னு வேடிக்கையா பாக்கற? தட்டைப் புடிடா, கை வலிக்குது" என்றார். பிடித்தார்.

பாய் கடை வாசலில் சீர் இறங்கியது. கூட்டம் கலையவில்லை. சாப்பாடு என்று அறிவித்தாயிற்றே! தெருவிலேயே பந்தி போட்டு உட்கார்ந்துவிட்டது. பாய் மைக்செட்டாரை ஒரு முறை முறைத்தார். பிறகு கட்டிவைத்த மூட்டையைப் பிரித்து, விற்காத புது அண்டாக்களை எடுத்து அடுப்பில் ஏற்றினார்.

"அத்தனை அண்டாவும் கரியாப் போச்சு. இனி இதைச் சேலத்துல எவனுங்க வாங்குவான்? இங்கயே கெடந்து தேய்க்க வேண்டீதுதான்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். புகையாம்.

பாய் கடை இன்றும் திறந்திருக்கிறது. மைக்செட்டார் மட்டும் அன்று நாங்கள் எழுதிக் கொடுத்ததை ஒழுங்காகப் படித்துத் தொலைத்திருந்தால், ஊரில் பாய் இருந்திருக்க மாட்டார். நூறு வருஷம் நன்றாக இருக்கட்டும், அந்த மனுஷன்.