சட்டம் போட்டவனின் பேண்ட்

ஆறு மாதத்துக்கு இந்த வீட்டில் யாரும் துணி வாங்கக் கூடாது என்று சட்டம் போட்டவன் நான்தான். சாப்பாட்டு மேசையைத் தட்டிச் சொன்னேன். தட்டிய வேகத்தில் தண்ணீர் டம்ளர் கவிழ்ந்தது.

மனைவி மேசையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்:

"பிள்ளைங்களுக்கு?"

"பிள்ளைங்களுக்கும்தான்."

"உங்களுக்கு?"

"எனக்கெதுக்கு? நான் என்ன சினிமா நடிகனா?"

"அதுவும் சரிதான்" என்றாள். அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

மூன்றே வாரம். கிடங்கில் சரக்கு எழுதுகிற என்னை, மேற்பார்வையாளர் பதவிக்கு நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். திங்கட்கிழமை காலை பத்து மணி. என்னிடம் இருந்த மூன்று பேண்ட்டையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். ஒன்றின் பின்பக்கம் பளபளத்தது. அதைப் பார்த்துத் தலை சீவலாம். இன்னொன்றின் வழியாக ஜன்னல் தெரிந்தது. மூன்றாவது பரவாயில்லை. பழுப்பு நிறம். பாக்கெட் ஓரத்தை மட்டும் மனைவி கறுப்பு நூலில் தைத்திருந்தாள்.

அவளிடம் போய், "சட்டத்தில் ஒரு சின்னத் திருத்தம்" என்று சொல்ல நாக்கு எழவில்லை. சனிக்கிழமை, "கிடங்குல ஸ்டாக் எடுக்கணும்" என்று பொய் சொல்லிவிட்டு, ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் பழைய துணிக்கடைக்குப் போனேன்.

துணி வாங்கவே துணிவு வேண்டும். பழைய துணி வாங்க அதைப்போல ரெண்டு மடங்கு. யாராவது தெரிந்தவர்கள் பார்த்துவிட்டால்? கடையை மூன்று முறை கடந்து போனேன். நாலாவது முறை பக்கத்துப் பூட்டுக் கடையில் நின்று பூட்டுப் பார்ப்பதுபோல் பாவனை செய்தேன்.

"வீட்டுக்கா, சைக்கிளுக்கா?" என்றார் பூட்டுக்காரர்.

மேசையைத் தட்டிய அன்றைக்கு என் வாய்க்கு ஒன்று வாங்கியிருக்கலாம். நேராகத் துணிக்கடைக்குள் நுழைந்தேன். கடைக்கார அம்மா கழுத்தில் அளவு நாடாவோடு வந்தார்.

"வாங்க சார். என்ன பாக்கறீங்க?"

"எனக்கில்ல. ஒரு நண்பருக்கு, பேண்ட்."

"நண்பர் என்ன சைஸ்?"

"என் சைஸ்தான்."

"அப்போ நீங்களே போட்டுப் பாத்துடுங்க. நண்பருக்குச் சரியா இருக்கும்."

சிரிக்காமல் சொன்னார். அதுதான் கூசியது.

சாம்பல் நிறத்தில் ஒன்றை எடுத்துக்கொண்டு ட்ரையல் ரூமுக்குள் போனேன். ரூம் என்பது மரியாதைக்கு. ஒரு மூலை, ஒரு திரை. உள்ளே ஆணி இல்லை. கழற்றிய பேண்ட்டைத் திரைக்கு வெளியே இருந்த கம்பியில் மாட்டினேன். மற்ற பேண்ட்டுகளும் அங்கேதான் தொங்கின என்பதை நான் யோசிக்கவில்லை.

சாம்பல் பேண்ட் முழங்கால் வரை சந்தோஷமாக வந்தது. தொடையில் நின்றுவிட்டது. ஒருவழியாக உருவி எடுத்துவிட்டு, கையை வெளியே நீட்டித் துழாவினேன். கம்பிதான் அகப்பட்டது.

"ஏம்மா! இங்க ஒரு பழுப்பு பேண்ட் இருந்துச்சே?"

"அதுவா சார்? இப்பத்தான் வித்துது."

திரையை இழுத்துப் பிடித்துக்கொண்டேன். "சரி, என் சைஸ்ல வேற ஏதாவது குடுங்க, சீக்கிரம்!"

"உங்க சைஸ்ல இருந்ததே அது ஒண்ணுதான் சார்."

வீட்டில் சட்டம் போட்டவன், கடையில் சட்டை மட்டும் போட்டு நின்றேன். சட்டைப் பையில் போன் இருந்தது. மானத்தை விழுங்கிக்கொண்டு மனைவிக்கு அடித்தேன்.

திரைக்கு அந்தப் பக்கம், ஒரு முழ தூரத்தில், மணி அடித்தது.

"சொல்லுங்க" என்றாள். போனிலும் கேட்டது, நேரிலும் கேட்டது. "ஸ்டாக் எடுத்து முடிச்சாச்சா?"

"நீ... நீ இங்க எப்படி?"

"நான் இங்கதான் எப்பவும் வருவேன். நீங்க எப்படி?"

"அத அப்புறம் சொல்றேன். என் பேண்ட்டை யாரோ வாங்கிட்டுப் போயிட்டாங்க!"

"யாரும் போகல. நான்தான் வாங்கினேன். கறுப்பு நூலைப் பாத்ததும் தெரிஞ்சுபோச்சு."

"அப்பாடா! குடும்மா."

"பில் போட்டு வாங்கியிருக்கேங்க. இப்போ இது என்னோடது. வீட்ல யாரும் துணி வாங்கக் கூடாதுன்னு யாரோ சொன்னாங்களே?"

"அந்தச் சட்டத்தை ரத்து பண்ணிட்டேன்."

"எப்போ?"

"இப்போ!"

"இனிமே துணிமணி செலவு யார் பொறுப்பு?"

"உன் பொறுப்பு. சத்தியமா உன் பொறுப்பு!"

அப்போது கடைக்கார அம்மா பேச்சில் குறுக்கே புகுந்தார். "இவர்தான் உங்க வீட்டுக்காரரா? முன்னாடியே தெரியாமப் போச்சே! சார், நீங்க போட்டிருக்கற நீலச் சட்டைகூட நம்ம கடைதான். காலருக்குப் பின்னால சின்னத் தையல் இருக்கும் பாருங்க."

பிறந்தநாளுக்குப் பெட்டியில் வைத்து அவள் கொடுத்த சட்டை. 'விலை கேக்காதீங்கப்பா' என்று கிடங்கு முழுக்கக் காட்டிய சட்டை. காலரைத் தடவினேன். தையல் இருந்தது.

"ஆறு வருஷமா வர்றாங்க சார். உங்களுக்கு, பிள்ளைங்களுக்குன்னு பாத்துப் பாத்து எடுப்பாங்க. தனக்குன்னு ஒண்ணும் எடுத்ததில்ல."

பேண்ட் இல்லாமல் நின்றபோதுகூட அவ்வளவு வெட்கம் வரவில்லை. முகத்தைத் திரையிலேயே புதைத்துக்கொண்டேன்.

"ஏன் சொல்லல?" என்றேன்.

"சொன்னா போட்டிருப்பீங்களா?"

போட்டிருக்க மாட்டேன். 'என்னைப் பிச்சைக்காரன்னு நினைச்சியா' என்று அதற்கும் மேசையைத் தட்டியிருப்பேன்.

திரை இடுக்கு வழியாக ஒரு கை வந்தது. என் பழுப்பு பேண்ட். அதன்மேல் கறுப்பில் ஒன்று. எங்கிருந்து தேடிப் பிடித்தாளோ, எனக்கென்றே தைத்ததுபோல் உட்கார்ந்தது.

வெளியே வந்தேன். அவள் முகத்தை நேராகப் பார்க்க முடியவில்லை. தரையைப் பார்த்துச் சொன்னேன்: "உனக்கும் பிடிச்சதா ஏதாவது எடுத்துக்கோம்மா. இன்னிக்கு நான் பணம் குடுக்கறேன்."

"எடுத்துட்டேங்க. ரெண்டு ஸ்வெட்டர், ஒரு கைப்பை, ஒரு கைக்குட்டை. பணமும் குடுத்தாச்சு, நீங்கதான் குடுத்தீங்க."

"நானா?"

"பேண்ட் பாக்கெட்டுல பர்ஸ் இருந்துச்சே."

பில்லை வாங்கிப் பார்த்தேன். முதல் வரியில் என் பேண்ட்.

"அதுல விலைச் சீட்டு இல்ல சார்" என்றார் கடைக்கார அம்மா. "நானா பாத்து ஒரு விலை போட்டேன்."

அடுத்த வரியில் ஒரு கைக்குட்டை. அது என் பேண்ட்டைவிட விலை அதிகம்.