ஓட்டை அண்ணன் இறங்காத மினி பஸ்

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் நான் குடியிருந்த காலத்தில் என் தூக்கத்தைக் கெடுத்தவை நிறைய உண்டு. வீட்டுக்குப் பின்னால் ரயில், முன்னால் கோயில் ஒலிபெருக்கி, பக்கத்தில் நேரங்கெட்ட நேரத்தில் கூவும் ஒரு சேவல். இவை அத்தனையும் ஒன்றாகச் சேர்ந்தாலும் ஓட்டை அண்ணனின் கால் தூசிக்குப் பெறாது. ரயில் போய்விடும். சேவலைக்கூட ஒரு தீபாவளிக்கு அடித்துக் குழம்பு வைத்துவிட்டார்கள். ஓட்டை அண்ணன் மட்டும், கேட்ட கேள்விக்குப் பதில் வரும்வரை கட்டிலை விட்டு நகர மாட்டார். அதுவும் என் கட்டிலை.

எண்பதுகளின் தொடக்கம் அது. கல்யாணமாகாத தடியன்கள் சிலர் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தோம். எனக்கும் அண்ணனுக்கும் பெட்டாலிங் ஜெயா பக்கம் டையோடும் டிரான்சிஸ்டரும் செய்கிற ஒரு தொழிற்சாலையில் வேலை. டையோடு என்பது அரிசி அளவு சாமான். ஒரு பக்கமாக மின்சாரத்தை விடும், மறுபக்கமாக விடாது. ஒழுங்காக விடுகிறதா என்று மெஷினில் வைத்துப் பார்த்து, கெட்டதைக் கூடையில் போடுவது எங்கள் வேலை. ஏன் விடுகிறது, ஏன் விடமாட்டேன் என்கிறது என்று எங்களில் ஒருவருக்கும் கவலை இருந்ததில்லை. எட்டு மணிநேரம் நின்ற காலுக்குக் கட்டில் கிடைத்தால் போதும்.

அண்ணனுக்கு அந்தக் கவலை வந்தது. பழைய புத்தகக் கடையில் எலக்ட்ரானிக்ஸ் புத்தகம் ஒன்றை வாங்கி வந்தார். அன்றோடு என் நிம்மதி போயிற்று. நைட் ஷிப்ட் முடித்துக் காலையில் வந்து அப்போதுதான் கண்ணை மூடியிருப்பேன்.

"தம்பி, தூங்கிட்டியா?"

"ஆமாண்ணே."

"நல்லதா போச்சு. இதைக் கேளு. எலக்ட்ரான் இருக்கவேண்டிய எடத்துல இல்லாம போனா, அந்தக் காலி எடத்துக்குப் பேரு ஓட்டையாம். அந்த ஓட்டை நடக்குதாம். இல்லாத ஒண்ணு எப்படிலா நடக்கும்?"

"புக்குல போட்டிருந்தா நடக்கும்ணே."

"புக்குல போட்டா நடந்துருமா? நீ நடக்க வச்சுக் காட்டு."

இப்படித்தான் அவருக்கு ஓட்டை அண்ணன் என்று பெயர் வந்தது. சொந்தப் பெயர் சம்பளக் கவரில் மட்டும் இருந்தது.

ஓட்டையை நடக்க வைக்க அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. பாசாரில் சோங்காக் பலகை ஒன்று வாங்கி வந்தார். நம் பல்லாங்குழிக்கு மலாய்க்காரத் தம்பி அது. குழிகளில் முத்தைப் போட்டு, எடுத்து, போட்டு, ஒரு விடுமுறை நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் பலகையைத் தூக்கி மூலையில் எறிந்தார். "முத்துதான் போகுது. குழி அங்கனயே கெடக்கு" என்று சொல்லிவிட்டு இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. எங்களுக்கு அந்த இரண்டு நாளும் சொர்க்கம்.

அடுத்து, எங்களோடு குடியிருந்த, ரயில்வே பட்டறையில் வேலை பார்த்த மணியத்தின் ரேடியோவில் கை வைத்தார். டிரான்சிஸ்டரைக் கண்ணால் பார்த்துவிட வேண்டுமாம். மணியம் குளித்துவிட்டு வருவதற்குள் ரேடியோவைப் பிரித்து, ஒரு டிரான்சிஸ்டரைப் பிடுங்கி, அதன் தகர மூடியையும் அரத்தால் அறுத்துவிட்டார். உள்ளே ஒரு மிளகுத்தூள் அளவு துணுக்கு இருந்தது.

"இதுக்குள்ளயா இவ்வளவும் நடக்குது?" என்றார் பயபக்தியோடு.

"இனிமே ஒண்ணும் நடக்காது" என்றார் மணியம், இடுப்புத் துண்டோடு நின்றபடி. அன்று சாயங்காலம் அவர் ஆவலாகக் காத்திருந்த பந்து விளையாட்டு வர்ணனை, பக்கத்து வீட்டுச் சுவரில் காதை வைத்துத்தான் கேட்கக் கிடைத்தது.

இதெல்லாம் வேடிக்கையாகவே போயிருக்கும், மல்லிகா என்ற பெண் நடுவில் வராமல் இருந்திருந்தால். மல்லிகா எங்கள் தொழிற்சாலையில் மைக்ராஸ்கோப் வரிசையில் இருந்தாள். நாளெல்லாம் கண்ணை இடுக்கிக்கொண்டு, டிரான்சிஸ்டர் துணுக்கில் தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை ஒட்டுகிற வேலை. எத்தனையோ பேர் இருக்க, கேன்டீனில் ஓட்டையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த மனிதரைப் போய் அவளுக்குப் பிடித்துவிட்டது. அவள் அப்பா போர்ட் கிள்ளானில் கிராணியாராக, அதாவது குமாஸ்தாவாக இருந்தவர். சிரிப்பதற்கும் மேலிடத்தில் அனுமதி கேட்கிற மனிதர். தீர்மானமாகச் சொல்லிவிட்டார்: "ஷிப்ட்டுல நின்னு கூடை ரொப்புறவனுக்குப் பொண்ணு இல்ல. டெக்னீஷியன் ஆகட்டும், தரேன். இல்லன்னா சுங்கை பூலோவுல கவர்மெண்ட் மாப்பிள்ளை ரெடியா இருக்கான்."

டெக்னீஷியன் ஆவது மலையைப் புரட்டுகிற காரியமல்ல. எஞ்சினியர் முன்னால் போய் உட்கார்ந்து, டிரான்சிஸ்டர் எப்படி வேலை செய்கிறது என்று அவர் கேட்டால், 'அடிவாயில் போகிற சின்ன மின்சாரம் பெரிய மின்சாரத்தைக் கட்டுப்படுத்துகிறது' என்று இங்கிலீஷில் ஒரு வரி ஒப்பிக்க வேண்டும். அதை ஒப்பித்தவன் எல்லாம் டெக்னீஷியன் ஆகி, நீலச் சட்டை போட்டுக்கொண்டு எங்களை விரட்டிக்கொண்டிருந்தான்.

முதல் இன்டர்வியூவில் ஓட்டை என்றால் என்ன என்று எஞ்சினியர் கேட்டார். "சார், நானும் அதைத்தான் எல்லார்கிட்டயும் கேட்டுக்கிட்டு இருக்கேன்" என்று சொல்லிவிட்டு அண்ணன் எழுந்து வந்துவிட்டார்.

இரண்டாவது தடவை அந்த எஞ்சினியர், பாவம் நல்ல சீனர், தானே இறங்கி வந்தார். "அந்த ஒரு வரியைச் சொல்லுப்பா. பாஸ் போட்டுட்டு நானும் சாப்பிடப் போறேன்."

"வரி தெரியும் சார். சின்னது எப்படிப் பெரிசாகுதுன்னு புரியல. புரியாம சொன்னா பொய் சொன்ன மாதிரி சார்."

எஞ்சினியர் பேனாவை மூடிவிட்டார்.

மூன்றாவதுதான் கடைசி வாய்ப்பு. அதற்குமேல் கம்பெனி கூப்பிடாது. கிள்ளானில் மல்லிகாவின் அப்பாவும் பொறுக்க மாட்டார். வீட்டில் எல்லோரும் சேர்ந்து அண்ணனுக்குப் புத்தி சொன்னோம். மணியம் கையெடுத்தே கும்பிட்டார். "ஐயா, என் ரேடியோ போனா போகட்டும். அந்த ஒரு வரியைச் சொல்லித் தொலைங்க. கல்யாணம் ஆனப்புறம் புரிஞ்சுக்கிட்டா ஆகாதா?" அண்ணன் பார்க்கலாம் என்றார். அவர் வாயிலிருந்து அந்த அளவுக்கு வந்ததே பெரிய விஷயம். மனம் மாறிவிடப் போகிறதே என்று, இன்டர்வியூ நாளன்று என்னைக் காவலுக்கு அனுப்பினார்கள். நான் அப்போதுதான் நைட் ஷிப்ட் முடித்து வந்திருந்தேன். சட்டையைக்கூட மாற்றவில்லை.

பத்து மணிக்கு இன்டர்வியூ. எட்டரைக்கே மினி பஸ் ஏறிவிட்டோம். அந்தக் கால மினி பஸ்ஸில் பயணம் செய்தவர்களுக்கு அதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பின்னால் காலியாகக் கிடந்தாலும் சனம் முழுக்க வாசலில் ஒட்டிக்கொண்டு நிற்கும். படியில் தொங்குகிற கண்டக்டர் பையன் தொண்டை கிழியக் கத்துவான்: "மாசோக் டாலாம்! பிலாகாங் கோசோங்!" உள்ளே போங்கள், பின்னால் காலி. உடனே கடைசியில் நிற்பவர் ஒரு அடி பின்னால் போவார். அவர் விட்ட இடத்துக்கு அடுத்தவர், அவர் இடத்துக்கு அதற்கடுத்தவர். கடைசியில் வாசலில் ஓர் இடம் காலியாகும். அதில் ஒரு புது ஆள் ஏறுவார்.

பங்சாரைத் தாண்டுகையில் அண்ணன் என் தோளைப் பிடித்து உலுக்கினார். "தம்பி! பாத்தியா?"

"என்னத்தண்ணே?"

"காலி எடம் பின்னாலதானே இருந்துச்சு? இப்ப எங்க இருக்கு? வாசல்ல! ஆளுங்க பின்னால போனாங்க, காலி முன்னால வந்துச்சு. நடந்துச்சுடா! ஓட்டை நடந்துச்சு!"

பஸ்ஸில் இருந்தவர்கள் கீழே ஓட்டையைத் தேடினார்கள். நிறைமாதமாக இருந்த ஒரு அக்கா காலைத் தூக்கிக்கொண்டார். எனக்குச் சந்தோஷம்தான். இத்தனை வருஷத் தலைவலி இறங்கின மாதிரி இருந்தது. "சரிண்ணே, எறங்கினதும் எஞ்சினியர்கிட்ட இதையே சொல்லுங்க" என்றேன். நாங்கள் இறங்கவேண்டிய இடமும் வந்தது. அண்ணன் கம்பியை விடவில்லை.

"ஓட்டை புரிஞ்சிருச்சு. டிரான்சிஸ்டர் இன்னும் புரியல. ஒரே ஒரு ரவுண்டு."

நான் இழுத்தேன். கெஞ்சினேன். மல்லிகா பெயரைச் சொன்னேன். அவர் கண் கண்டக்டர் பையனையே பார்த்துக்கொண்டிருந்தது. பஸ் கிளம்பிவிட்டது. ஒரு ரவுண்டு இரண்டாகி, மணி பத்தைத் தாண்டிய பிறகு அண்ணன் அவனிடம் போய், அடுத்த ஸ்டாப்பில் வாயைத் திறக்காமல் இருக்க முடியுமா என்று கேட்டார்.

"பாஸ், கீலா கா?" என்றான் அவன். பைத்தியமா என்று. ஆனால் அவன் தொண்டையும் காலையிலிருந்து களைத்துப் போயிருக்க வேண்டும். சரி என்று தலையாட்டினான்.

அடுத்த ஸ்டாப்பில் ஏற ஒரு கூட்டம் நின்றது. பின்னால் காலி. பையன் பேசவில்லை. ஒருவரும் அசையவில்லை. ஏற வந்தவர்கள் படியில் நெரிந்துகொண்டு திட்டினார்கள். அண்ணன் கையைக் காட்ட, பையன் "மாசோக்!" என்று ஒரே ஒரு சத்தம் போட்டான். முழுப் பஸ்ஸும் நகர்ந்தது.

அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. "பெரிசாக்கலடா! அவன் ஒண்ணையும் பெரிசாக்கல! போற சக்தி சனங்களோடது. அவன் ஒரு சத்தம் குடுத்து விடுறான், அவ்வளவுதான். நானும் சின்னது எப்படிப் பெரிசாகும்னு இத்தனை வருஷம் மண்டையை ஒடைச்சேனே. பெரிசு பேட்டரில ஏற்கனவே இருக்குடா!"

அதைச் சரிபார்க்க இன்னும் சில ரவுண்டு போனோம்.

தொழிற்சாலைக்குள் நாங்கள் ஓடியபோது எஞ்சினியர் கேன்டீன் வாசலில் நின்றார். அண்ணன் மூச்சிரைக்க, கண்டக்டர், சனம், காலியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். அவர் முழுக்கக் கேட்டார். பிறகு நெற்றியைத் தடவிக்கொண்டார்.

"ரொம்ப நல்லா சொன்னே. பத்து மணிக்கு இதைச் சொல்லியிருந்தா இந்நேரம் நீ டெக்னீஷியன். இப்ப வேற ஆளுக்குக் குடுத்தாச்சு."

"பத்து மணிக்கு எனக்குப் பாதிதான் சார் புரிஞ்சிருந்தது."

நான் கேன்டீன் பெஞ்சில் அப்படியே படுத்துவிட்டேன். கோபப்படுவதற்கு உடம்பில் தெம்பில்லை.

ஞாயிற்றுக்கிழமை கிராணியார் மல்லிகாவைக் கூட்டிக்கொண்டு பிரிக்ஃபீல்ட்ஸ் வந்தார். பெண்பிள்ளையைத் தடியன்கள் வீட்டுக்குள் கூட்டிவர மாட்டேன் என்று சொல்லி அனுப்பியிருந்ததால், தெருக்கோடி வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் சந்திப்பு. அண்ணன் பக்கம் பேச ஆள் வேண்டும் என்று என்னை உட்கார வைத்தார்கள். மல்லிகா அழுத முகத்தோடு இருந்தாள்.

"கடைசி இன்டர்வியூன்னு தெரியுமில்ல? ஏம்பா எறங்கல?" என்றார் கிராணியார்.

அண்ணன் வாயால் சொல்லியிருக்கலாம். எழுந்து, பக்கத்துப் பெஞ்சில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களை, "அண்ணே, எலையோட ஒரு ஆள் தள்ளி உக்காருங்க, காலி எப்படி வருதுன்னு காட்டணும்" என்று நகர்த்த ஆரம்பித்தார். ரசம் ஒருவர் மடியில் போயிற்று. கடைக்காரர் கரண்டியோடு வந்துவிட்டார். கிராணியார் சாதத்தைத் தொடாமலே இலையை மூடினார்.

"மல்லிகா, எந்திரி. சாயங்காலம் சுங்கை பூலோவுக்குப் பதில் சொல்லணும்."

மல்லிகா எழுந்திருக்கவில்லை. நகர்ந்த இலைகளையே பார்த்துக்கொண்டிருந்தவள், மெதுவாக வாயைத் திறந்தாள்.

"வெயில்ல பஸ் சூடாச்சுன்னா சனங்க கண்டக்டர் சொல்லாமலே நெளிஞ்சு நகருவாங்கல்ல? டிரான்சிஸ்டர் சூடானாலும் அப்படித்தான் தானா ஓடுமா?"

அண்ணன் கையில் யாருடைய இலையோ இருந்தது. அதைப் பிடித்தபடியே நின்றுவிட்டார். ஒருவர் இன்னொருவரை அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.

"தெரியலையே மல்லிகா" என்றார். "தெரியலையே..."

"இதுவும் தெரியலையா!" கிராணியார் தலையில் கை வைத்துக்கொண்டார். மகளையும் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, போகிற வழி தெரியாதவர்போல என் பக்கம் திரும்பினார். குரல் இறங்கியிருந்தது. "தம்பி, நீ கூடவே இருக்கிறவன். இந்த ஆளை நம்பி எம்பொண்ணைக் குடுக்கலாமா? உள்ளதைச் சொல்லு."

உள்ளதைச் சொல்ல என்னிடம் மூட்டை மூட்டையாக இருந்தது. கெட்டுப்போன தூக்கம், அறுத்த டிரான்சிஸ்டர், அந்த மினி பஸ். எங்கே தொடங்குவது என்ற யோசனையோடுதான் வாயைத் திறந்தேன்.

"குடுங்கய்யா" என்றேன். "தெரியாததைத் தெரியும்னு அவரு உங்க பொண்ணுகிட்ட ஒருநாளும் சொல்ல மாட்டாரு."

அண்ணனை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.