அட்ஜஸ்டுக்கு நான் சொன்ன உதாரணம்

ஓர் ஆங்கில வார்த்தையைப் பிழையில்லாமல் விளக்கியதற்காக வேலை போனவள், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஆறு வருடமாக காண்ட்ராக்டில், இரும்புத் தகட்டை அமுக்கி வெட்டும் பிரஸ் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் சூப்பர்வைசர் முரளி சார் வந்தார். வெளிநாட்டு கஸ்டமர் பார்வையிட வருகிறாராம். கம்பெனி எங்களுக்கு ஆங்கிலமும் சொல்லித்தருகிறது என்று அவருக்குக் காட்ட, தொழிலாளி ஒருவர் ஏதாவது ஓர் ஆங்கில வினைச்சொல்லை எடுத்து, அர்த்தம், பிறப்பு, உபயோகம் என்று ஐந்து நிமிடம் பேச வேண்டுமாம். நன்றாகப் பேசினால் என்னை பர்மனென்ட் ஆக்கச் சொல்லி மேலே பேசுவதாகச் சொன்னார். ப்ளஸ் டூவில் ஆங்கிலத்துக்கு எழுபத்தெட்டு வாங்கிய திமிர் எனக்கு (மார்க் ஷீட்டை லேமினேட் செய்து வைத்திருக்கிறேன், சிரிக்காதீர்கள்).

நாளெல்லாம் காதில் விழும் ‘அட்ஜஸ்ட்’டையே எடுத்தேன். லத்தீனில் பிறந்து பிரெஞ்சு வழியாக வந்ததாம். பக்கத்தில் கொண்டுவந்து சேர்ப்பது என்பதுதான் ஆதிப் பொருளாம். நான்கு நாள் ஆரம்பாக்கம் ரயிலில் நின்றபடி மனப்பாடம் செய்தேன்.

அர்த்தமும் பிறப்பும் சொன்னபோது விருந்தாளி தலையாட்டினார். அதில் மயங்கி, எழுதிவைத்திருந்த உதாரணங்களை விட்டுவிட்டுச் சொந்த உதாரணத்துக்குத் தாவினேன். எங்கள் பிரஸ் இறங்க இரண்டு பட்டன்களை இரண்டு கையாலும் அமுக்க வேண்டும். கை உள்ளே மாட்டாமலிருக்க அந்த ஏற்பாடு. டார்கெட் முடியாவிட்டால் ஒரு பட்டன் அமுங்கியே இருக்கும்படி டேப் ஒட்டிவிடுவோம்; ஒரு கை மிச்சமாகி வேலை வேகமாக ஓடும். அதற்கு எங்கள் லைனில் அட்ஜஸ்ட் என்று பெயர். “முரளி சாரே எங்களுக்கு அட்ஜஸ்ட் செய்து தருவார். எங்கள் லைன் செல்வி அக்காவுக்கு அதில் விரல் போன பிறகும் எங்களுக்குச் செய்து தந்தார்” என்று ஆங்கிலத்தில் முடித்தேன். சத்தியமாக, அவரைப் புகழ்வதாகத்தான் நினைத்தேன்.

விருந்தாளி நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார். வெளியே வந்ததும் முரளி சார் மெதுவாகக் கேட்டார்:

“இன்னாம்மா, இங்கிலீஷ் பேசச் சொன்னா உண்மைய பேசிக்கினு கீற?”

மறுநாள் முதல் வர வேண்டாம் என்றார்கள். டேப்பைப் பிரித்தார்கள். ஒரே வாரத்தில் மறுபடி ஒட்டிவிட்டார்களாம். வேலை போனதைவிட அதுதான் இன்றும் எரிகிறது. என் பட்டனிலும் ஆறு வருடம் டேப் இருந்தது, நானும் வாயைத் திறந்ததில்லை என்பது அதைவிட எரிகிறது.

வீட்டில் இப்போது குழம்பில் உப்பு குறைந்தால்கூட என் கணவர், “அட்ஜஸ்ட் பண்ணிக்கட்டுமா, இல்ல நீ உதாரணம் சொல்லப் போறியா?” என்று கேட்பார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். நானும் சிரிப்பேன். செல்வி அக்கா சாப்பிட வந்திருக்கும் நாளில் மட்டும் யாரும் அதைச் சொல்வதில்லை.